பதினோரு காகிதங்கள்

லேமினேஷன் அக்கா என்றால்தான் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெருவின் ஒரு பக்கம் முழுக்க அரசாங்க அலுவலகங்கள். எதிர்ப்பக்கம், டீக்கடைக்கும் மனு எழுதுகிறவரின் மேசைக்கும் நடுவே அவளுடைய ஏழடி அகலக் கடை. உள்ளே ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், ஒரு முக்காலி, சுவர் ஆணிகளில் மூன்று கத்தரிக்கோல்கள். ஒன்று பிளாஸ்டிக் வெட்ட, ஒன்று காகிதம் வெட்ட, மூன்றாவது மூலைகளை வளைத்துவிட. யாராவது ஒன்றுக்கு ஒன்றை மாற்றி எடுத்தால் அவளுக்குப் பொறுக்காது.

மெஷின் சூடாக ஆறு நிமிஷம் ஆகும். பச்சை விளக்கு எரிந்த பிறகும் ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். "விளக்கு அவசரப்படும். அதுக்கென்ன, கெட்டுப்போனா அது பதில் சொல்லப்போகுதா" என்பாள். ஒரு வெற்றுத் தாளை ஓட விட்டு, உருளையில் தூசி இல்லையென்று கண்டபிறகே அடுத்தவர் காகிதத்தைத் தொடுவாள். இருபத்திரண்டு வருஷத்தில் கோணலாகவோ குமிழ் விழுந்தோ ஒரு தாள்கூட அவள் கையை விட்டு வெளியே போனதில்லை.

இன்னொரு வழக்கமும் அவளுக்கு உண்டு. கடைக்கு வரும் காகிதத்தை அவள் படிக்கமாட்டாள். விவாகரத்து, பாகப்பிரிவினை, ரத்தப் பரிசோதனை என்று என்னென்னவோ வரும். ஓரம் நேராக இருக்கிறதா, மை காய்ந்திருக்கிறதா என்பதோடு சரி. "வயித்துல என்ன இருக்குன்னு கேக்காம சட்டை தைக்கிற மாதிரி" என்று மனு எழுதுகிறவர் கிண்டல் செய்வார். அதை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். எதிர்க் கட்டிடத்து பியூன்கள் அறிவிப்புத் தாள்களைக் கட்டுக்கட்டாக அவளிடம் கொண்டுவந்ததற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம்.

படிப்பு அவளுக்கு எட்டாவதோடு நின்றுவிட்டது. நின்றதற்கும் ஒரு காகிதம்தான் காரணம். வீடு மாறிய வருஷம், பழைய பள்ளியில் வாங்கிய மாற்றுச் சான்றிதழைத் தகரப் பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். மழைக்குக் கூரை ஒழுகி, பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, திறந்து பார்த்தபோது மை கரைந்து நீலக் கறையாக இருந்தது. புதுப் பள்ளியில் வேறு வாங்கி வரச் சொன்னார்கள். அந்த வாரம்தான் அப்பா படுக்கையில் விழுந்தார். போய் வாங்கி வர ஆளில்லை. வாரம் மாதமாயிற்று, மாதம் வருஷமாயிற்று. வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டவளை யாரும் பள்ளிக்குப் போ என்று சொல்லவில்லை. தம்பிக்கு அப்போது மூன்று வயது.

அப்பாவுக்குப் பிறகு அம்மாவும் போனபின் தம்பியை வளர்த்தது அவள்தான். கடை வைத்ததும் அவள் முதலில் லேமினேட் செய்தது அவனுடைய பள்ளி அடையாள அட்டையை. பிறகு ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசு, கையெழுத்துப் போட்டியில் ஆறுதல் பரிசு என்று அவன் வாங்கி வந்ததெல்லாம் பிளாஸ்டிக்குக்குள் போயிற்று. அவன் ஏசி மெக்கானிக் ஆனபோது தெருவே அறிந்தது. "என் தம்பி தொட்டா அடுப்புலகூட ஐஸ் கட்டும்" என்று டீக்கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறாள்.

அவனுக்கு வாய்த்தவள் ஒரு நர்ஸ். அறுவை சிகிச்சை வார்டில் எட்டு வருஷம். அதிகம் பேசமாட்டாள், பேசினால் சுருக்கென்று பேசுவாள். அக்கா அவளை நர்ஸம்மா என்று கூப்பிட்டாள். கேலியாகத் தொடங்கி, அதுவே நிலைத்துவிட்டது.

கல்யாணமான ஒன்றரை வருஷத்தில், வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸம்மாவுக்கு வேலை கிடைத்தது. கணவனையும் கூட்டிப்போகலாம். வேலையில் சேரவேண்டிய தேதியும் கடிதத்திலேயே இருந்தது. அக்கா அன்றைக்கே நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, அடிக்கோலால் கட்டம் போட்டாள். முதல் கட்டத்தில் என்ன வேலை, இரண்டாவதில் யார் செய்வது, மூன்றாவதில் எந்தத் தேதிக்குள். கடைசிக் கட்டம் காலி. முடிந்ததும் அதில் ஒரு டிக்.

"அங்க பல் டாக்டரைப் பாக்க மாசக்கணக்குல காத்திருக்கணுமாம். போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் பல்லைக் காட்டிட்டு வந்துருங்க."

"என் பல்லு நல்லாத்தான்க்கா இருக்கு."

"அதை நீ சொல்லக் கூடாது. பல்லு சொல்லணும். போ."

மூக்குக்கண்ணாடிக்கு மாற்று ஒன்று, வழக்கமான மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு, அந்த ஊர் பிளக்குக்குப் பொருந்துகிற மாற்று முனை, இறங்கியவுடன் தங்கப்போகும் அறையின் முகவரியைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் ஒன்று, பெட்டியில் ஒன்று. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்றாள். பெட்டிகளை எடைபோட ஒரு கொக்கித் தராசு இரவல் வாங்கி வந்தாள்.

"உன் பெட்டியில அவ துணி ஒரு ஜோடி. அவ பெட்டியில உன் துணி ஒரு ஜோடி. ஒண்ணு தொலைஞ்சாலும் ரெண்டு பேருக்கும் மாத்திக்க இருக்கும்."

"ரெண்டும் தொலைஞ்சுட்டா, அண்ணி?" என்றாள் நர்ஸம்மா.

"அப்ப ரெண்டு நாளைக்கு வெளிய வராம வீட்டுக்குள்ளயே இருங்க. உங்களுக்கு நான் சொல்லியா தரணும்."

நர்ஸம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். தம்பி தராசைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டான்.

நோட்டில் பதினாலாவது வரி, சான்றிதழ்கள். பிறப்புச் சான்று இரண்டு, திருமணச் சான்று ஒன்று, பள்ளிச் சான்றுகள், போலீஸ் நன்னடத்தைச் சான்றுகள், நர்ஸிங் கவுன்சில் பதிவு, எல்லாவற்றுக்கும் மேலாக நர்ஸிங் படிப்பின் பட்டயம். மொத்தம் பதினொன்று. ஜெராக்ஸ் எடுத்துவைக்க அக்கா அவற்றைக் கேட்டாள்.

"ஜெராக்ஸ் மட்டும் போதும் அண்ணி. எடுத்துட்டு அப்படியே ஃபைல்ல வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா டியூட்டிக்குப் போனாள். மறுநாள் ஃபைலைக் கடையில் கொண்டுவந்து கொடுத்தது தம்பி.

ஜெராக்ஸ் எடுத்து முடித்தபின் அந்தப் பதினோரு காகிதங்களும் மேசைமேல் கிடந்தன. பட்டயத்தின் மடிப்பில் ஒரு நூலிழை அளவு கிழிசல். கடல் தாண்டிப் போகிற காகிதம். விமானத்தில் யாராவது தண்ணீரைக் கொட்டினால், போய் இறங்கும் ஊரில் மழை பெய்தால். அவளுக்குத் தகரப் பெட்டியின் அடி கண்முன் வந்தது.

"எல்லாத்துக்கும் போட்டுரட்டுமாடா?" என்று கேட்டாள்.

தம்பி போனில் யாருடைய ஏசிக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தான். "உனக்குத் தெரியாததாக்கா" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தான்.

இருப்பதிலேயே கனமான உறைகளை எடுத்தாள். அன்று மெஷினுக்கு இரண்டு நிமிஷம் கூடுதலாகக் காத்திருந்தாள். ஒவ்வொன்றையும் நடுவில் வைத்து, நான்கு பக்கமும் ஒரே அளவு விளிம்பு விட்டு, உருளைக்குள் அனுப்பி, மறுபக்கம் இரண்டு உள்ளங்கைகளாலும் வாங்கினாள். மூலைகளை வளைத்து வெட்டினாள். பதினொன்றும் கண்ணாடி மாதிரி வந்தன.

மாலையில் நர்ஸம்மா ஃபைலைத் திறந்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கணம் என்னவோ கேட்க வந்தவள்போல் இருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "அழகா இருக்கு அண்ணி" என்றாள். அக்கா பதினாலாவது வரியில் டிக் போட்டாள்.

அதற்கப்புறம் வேலைகள் மளமளவென்று நடந்தன. நர்ஸம்மா ஆஸ்பத்திரியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். இருவரும் வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்ல, அடுத்த குடி அன்றே வந்து ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுத்துக்கொண்டு போனது. கட்டில், ஃபிரிட்ஜ், பீரோ எல்லாம் ஆள் மாறின. இரண்டு பெட்டிகளும் பூட்டி, சுவரோரம் நின்றன.

பாக்கி இருந்தது ஒன்றுதான். சான்றிதழ்களின் மூலத்தில் அரசாங்க அத்தாட்சி முத்திரை வாங்கி விசா ஏஜென்டிடம் கொடுக்கவேண்டும். அது இல்லாமல் விசா இல்லை. முத்திரை வைக்கும் பிரிவு அக்கா கடைக்கு நேர் எதிர்க் கட்டிடத்தில், நாலாவது மாடியில் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கட்டிடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள், ஒரு நாளும் மாடி ஏறியதில்லை. அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே போனாள்.

கவுன்டரில் இருந்த அதிகாரி அம்மாள் ஃபைலைத் திறந்தார். முதல் தாளை விரல் நகத்தால் தட்டினார். இரண்டாவதைத் தட்டினார். மற்றவற்றை எண்ணிப் பார்க்கக்கூட இல்லை.

"இதையெல்லாம் யாரு லேமினேட் பண்ணச் சொன்னது?"

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார்.

"பின்பக்கம் சீல் வெச்சுக் கையெழுத்துப் போடணும்மா. பிளாஸ்டிக் மேல எப்படி நிக்கும்? காகிதம் அசலா போலியான்னு தடவிப் பாக்கவும் வழியில்ல. வெளிய அவ்வளவு பெருசா ஒட்டியிருக்கே, படிக்கலையா?"

வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. லேமினேஷன் செய்யப்பட்ட மூலச் சான்றிதழ்கள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா. கறுப்பு எழுத்தில் இரண்டே வரி. அந்த அறிவிப்பே லேமினேட் செய்யப்பட்டிருந்தது. நான்கு பக்கமும் ஒரே அளவு விளிம்பு. வளைத்து வெட்டிய மூலைகள்.

அக்கா அந்த மூலைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எந்த வருஷம் என்று நினைவில்லை. பியூன் கொண்டுவந்த காகிதக் கட்டுக்குள் ஒன்றாக வந்திருக்கும். ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்த்திருப்பாள். போன வருஷம் ஒரு பெரியவர் கடைக்கு வந்து, போட்ட பிளாஸ்டிக்கைக் கழற்றித் தர முடியுமா என்று கேட்டதும், "கழட்ட முடியாம இருக்கத்தானே சார் போடறது" என்று தான் பெருமையாகச் சொன்னதும் இப்போது நினைவுக்கு வந்தன. அவர் ஏன் கேட்டார் என்று அன்று அவள் கேட்கவில்லை.

அதிகாரி அம்மாள் ஈவிரக்கம் இல்லாதவர் அல்ல. பிறப்புச் சான்று, திருமணச் சான்று எல்லாம் ஒரு வாரத்தில் புதிதாக வாங்கிவிடலாம், பள்ளிச் சான்றும் கிடைக்கும் என்று வழி சொன்னார். கவுன்சில் பதிவுக்கும் மறுபிரதி உண்டு. பட்டயத்தில்தான் விரலை வைத்து நிறுத்தினார். அந்த நர்ஸிங் பள்ளி மூடி நாலு வருஷம் ஆகியிருந்தது. போலீஸில் எழுதி வைத்து, பத்திரிகையில் விளம்பரம் போட்டு, பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்து மறுபிரதி வர ஆறு மாதமாவது ஆகும். வேலையில் சேர இருந்ததோ இன்னும் பத்தொன்பது நாள்.

"பிளாஸ்டிக்கைப் பிரிச்சு, காகிதம் சேதமில்லாம வந்துச்சுன்னா கொண்டாங்க. வெச்சுத் தரேன். அதுக்கு மேல எனக்கு அதிகாரம் இல்ல."

படியில் இறங்கும்போது தம்பி மூன்றாவது மாடியில் நின்றான்.

"அந்த ரெண்டு வரியை ஒரு தடவை படிச்சுப் பாத்திருக்கலாமேக்கா."

அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். நர்ஸம்மா அவன் முழங்கையைப் பிடித்து, "நடங்க" என்றாள்.

பிரிப்பதென்று முடிவானது. வேறு யாரிடமும் கொடுக்க அக்கா சம்மதிக்கவில்லை. தன் பீரோவிலிருந்து தம்பியின் பள்ளிப் பரிசுகளை எடுத்து வந்தாள். எல்லாம் அவள் கையால் போட்டவை. அவற்றில் பழகினாள். துணியை மேலே விரித்து இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றி, பசை இளகும் நொடியில் மூலையைத் தூக்கவேண்டும். சூடு குறைந்தால் காகிதம் இரண்டு தோலாகப் பிரிந்தது. கூடினால் பிளாஸ்டிக் சுருண்டு எழுத்தையும் சுருட்டிக்கொண்டது. கையெழுத்துப் போட்டி போயிற்று. ஓட்டப் பந்தயம் போயிற்று. ஒவ்வொன்று கிழியும்போதும் எவ்வளவு நேரம் சூடு, எந்த மூலையில் தொடங்கியது என்று நோட்டில் எழுதினாள். ஒன்பதாவது தாள் முழுசாக வந்தது. பத்தாவதும் வந்தது. பதினொன்றும் பன்னிரண்டும் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பட்டயத்தை மேசையில் வைத்தாள். நர்ஸம்மா தானும் உட்காருவேன் என்றாள்.

"பிளாஸ்டர் எடுக்கிற மாதிரிதான் அண்ணி. தோலை ஒரு கையால அழுத்திப் பிடிச்சுக்கணும். பிளாஸ்டரை இழுக்கக் கூடாது, மடக்கி மடக்கிக் கொண்டு போகணும்."

கைப்பையிலிருந்து மழுங்கிய முனையுள்ள இடுக்கி ஒன்றை எடுத்தாள். அக்கா சூடேற்ற, அவள் காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். இருவர் நெற்றியிலும் வேர்வை. தாளில் சொட்டிவிடாமல் முறை வைத்துத் துடைத்துக்கொண்டார்கள்.

"உங்க கை நடுங்கலையே அண்ணி. வார்டுக்கு வந்திருக்கலாம் நீங்க."

"எட்டாவது படிச்சவளை எந்த வார்டுல சேப்பாங்க."

"பேஷண்டா சேப்பாங்க" என்றாள் நர்ஸம்மா. இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள், தாள் ஆடிவிடக் கூடாது என்று.

முதலில் பின்பக்கம். வெறும் பக்கம்தான் என்றாலும் முழுசாக வந்தது. பிறகு முன்பக்கம். தலைப்பு வந்தது. நர்ஸம்மாவின் பெயர் வந்தது. தேதி வந்தது. அச்சில் ஏறிய எழுத்து ஒன்றுகூட அசையவில்லை. தம்பி ஷட்டருக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இடுக்கு வழியாக அவன் செருப்பு மட்டும் தெரிந்தது.

"பாதிக்கு மேல வந்துருச்சுடா" என்று அக்கா குரல் கொடுத்தாள்.

கீழ் மூலையில் முதல்வரின் கையெழுத்தும் ஊதா முத்திரையும் இருந்தன. அவை அச்சில்லை. பேனாவும் ரப்பர் முத்திரையும். பழகிய பன்னிரண்டு தாள்களில் ஒன்றில்கூட ஊதா மை இருந்ததில்லை. எல்லாம் அச்சடித்த பரிசுத் தாள்கள், கையெழுத்து உள்பட. அக்கா அதை நினைக்கவில்லை. சூட்டில் மை இளகி, காகிதத்தை விட்டுவிட்டுப் பசையோடு போயிற்று. பிளாஸ்டிக்கைத் தூக்கியபோது அதில் முத்திரை அப்படியே ஒட்டியிருந்தது, இடம் வலம் மாறி. காகிதத்தில் அந்த இடம் வெளுத்திருந்தது.

நர்ஸம்மா இடுக்கியைக் கீழே வைத்தாள். மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பன்னெண்டு நாப்பது" என்றாள்.

யாரும் அவளிடம் நேரம் கேட்கவில்லை. வார்டில் ஒரு உயிர் அடங்கினால் நேரத்தைக் குறித்துக்கொள்வது எட்டு வருஷப் பழக்கம்.

அந்தத் தாளோடும் நாலாவது மாடிக்குப் போனார்கள். அதிகாரி அம்மாள் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தலையை மட்டும் ஆட்டினார். மறுபிரதிக்கு எழுதிப் போட்டார்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குக் காலம் நீட்டிக் கேட்டு ஏஜென்ட் எழுதினார். பதினேழாவது நாள் மரியாதையான நாலு வரி வந்தது. அந்த இடத்துக்கு அடுத்த ஆளை எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான் என்றார் ஏஜென்ட், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றும் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் அடுத்த வருஷம் ரொம்பத் தூரத்தில் இருந்தது.

மாதம் முடிந்ததும் வாடகை வீட்டில் புதுக் குடி வந்தது. தம்பியும் நர்ஸம்மாவும் இரண்டு பெட்டிகளோடு, கடைக்குப் பின்னால் அக்கா இருந்த ஒற்றை அறைக்கு வந்தார்கள். நடுவில் ஒரு புடவையைத் திரையாகக் கட்டினாள் அக்கா. பழைய ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவின் இடம் நிரம்பிவிட்டிருந்தது. முதியோர் இல்லம் ஒன்றில் ஷிஃப்ட் வேலைக்குப் போனாள். தம்பி தன் வாடிக்கைகளை எல்லாம் கூட்டாளிக்கு விட்டுக்கொடுத்திருந்தான். திருப்பிக் கேட்டபோது கூட்டாளி தோளில் கை போட்டு டீ வாங்கிக் கொடுத்தான், வாடிக்கையைக் கொடுக்கவில்லை.

அக்காவிடம் அவன் பேசாமல் இல்லை. சாப்பாடு ஆச்சா, சாவி எங்கே என்பதோடு நிறுத்திக்கொண்டான். கடையில் இப்போது அவள் ஒவ்வொரு காகிதத்தையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாள். "ஒரிஜினலா? இதுக்குப் போட வேண்டாம், ஜெராக்ஸுக்குப் போட்டுத் தரேன்" என்பாள். "போடச் சொன்னா போடும்மா, உனக்கெதுக்கு என் வீட்டு விவகாரம்" என்று பிடுங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனவர்கள் உண்டு. தங்கள் காகிதத்தைப் படிக்கிறாள் என்று மனு எழுதுகிறவரிடம் புகார் சொன்னவர்களும் உண்டு. லேமினேஷன் அக்கா என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

நாலாம் மாதம் தம்பிக்கு வேலை கிடைத்தது. ஒன்றரை நாள் ரயில் பயணத்தில் ஒரு துறைமுகம். அங்கே மீன் பதப்படுத்தும் குளிர்க் கிடங்கு. தங்க இடம் கிடங்கிலேயே, தொழிலாளர் கூடத்தில். பெண்டாட்டியைக் கூட்டிப்போக வழியில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை லீவு.

கிளம்புகிற அன்று காலை, சுவரோரம் நின்ற இரண்டில் தன் பெட்டியை இழுத்துப் படுக்கவைத்துத் திறந்தான். அக்கா எடைபோட்டு, மடித்து, அடுக்கியது அப்படியே இருந்தது. குளிர்க் கோட்டு மேலே. முகவரி எழுதிய தாள் பக்கப் பையில். அடியில் கைவிட்டு நர்ஸம்மாவின் ஒரு ஜோடித் துணியை எடுத்தான். நீலச் சுடிதார், துப்பட்டா, உள்ளே சுருட்டி வைத்த காலுறை. எல்லாவற்றையும் பாயின்மேல் வைத்தான்.

"இருக்கட்டுமேடா. இடத்தையா அடைக்குது" என்றாள் அக்கா, வாசற்படியில் நின்று.

"எதுக்குக்கா? போறது ஒரு பெட்டிதானே. தொலைஞ்சா தொலைஞ்சது."

நர்ஸம்மா தன் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த அவன் சட்டையையும் பேன்ட்டையும் எடுத்து நீட்டினாள். அவன் அவள் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை. வாங்கி, காலியான இடத்தில் வைத்தான். அளவு சரியாக இருந்தது. பூட்டினான்.

ஸ்டேஷனுக்கு நர்ஸம்மா மட்டும் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் அக்கா திரைப் புடவையை அவிழ்த்து மடித்தாள். இரண்டு பெண்களுக்கு அது தேவையில்லை. பாயில் கிடந்த நீலத் துணியை எடுத்து, அதன் கைகளை மடித்து, ஓரம் பார்த்து, மிச்சமிருந்த பெட்டியில் வைத்தாள். பிறகு கடைக்கு வந்து மெஷினைப் போட்டுவிட்டு, அது சூடாகக் காத்திருந்தாள்.